கோப்பில் சேராத இரண்டாவது கடிதம்

'காலை 10.20. வடக்கிலிருந்து இரண்டாவது கடிதம். ஒரு பக்கம். கோப்பில் சேர்க்கவில்லை.'

பெப்ரவரி மாதத்து வியாழக்கிழமை ஒன்றின் கீழே என் நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான். சூரிச்சில் நான் வேலை செய்யும் பல்கலைக்கழகத் துறை அலுவலகத்தில், என் மேசையிலிருந்தே எழுதியது. கையெழுத்து தெளிவாக இருக்கிறது. தயங்கி எழுதியதாகத் தெரியவில்லை. இன்று அதைத் திறந்து பார்க்கும்போது என்னை உறுத்துவது அந்தத் தெளிவுதான்.

நான் நாள் தவறாமல் குறிப்பெழுதுகிறவன். சுவிஸுக்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தபோது, இலங்கையில் இராணுவம் என்னைப் பிடித்துப் போன திகதியை முதல் விசாரணையில் ஒன்றாகவும் அடுத்த விசாரணையில் வேறாகவும் சொல்லிவிட்டேன். வந்த நிராகரிப்புக் கடிதத்தில் 'முரண்பாடு' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. மேன்முறையீட்டில்தான் தப்பினேன். அதற்குப் பிறகு மலையூரான டாவோஸில் ஹோட்டல் குசினியில் கோப்பை, தட்டுக் கழுவிய ஆண்டுகளிலும், வேலை முடித்துப் படித்து அலுவலக வேலைக்கு வந்த பின்னரும், எது நடந்தாலும் நாளும் நேரமும் போட்டு எழுதி வைத்தேன். அந்த நிராகரிப்பிலிருந்து நான் கற்ற பாடங்கள் இரண்டு. ஒன்று, திகதியை மறக்காதே. மற்றது, உன் கோப்பு தனக்குத்தானே முரண்படக் கூடாது. அகதி முகாமில் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான். இந்த இரண்டாவது பாடம்தான் நான் சொல்லப்போகும் தவறுக்குக் காரணம்.

எங்கள் துறையில் பனி, பனிப்பாறை, உறைநிலம் பற்றி ஆராய்கிறார்கள். வடக்கு நாடுகளின் மூன்று பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஒரு கூட்டு முதுகலைப் படிப்பைத் தொடங்கத் திட்டமிட்டார்கள். வடபுல ஆய்வுகள் என்று பெயர். ஒரே மாணவர் நாலு நாட்டிலும் படித்து ஒரே பட்டம் பெறலாம். ஆனால் அதற்கு வடக்குப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு ஒன்றின் அங்கீகாரம் தேவைப்பட்டது. அவர்கள் பாடத்திட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை. மாணவர்கள் களப்பயிற்சிக்குப் போகும் இடத்தில் வாழும் பூர்வீக மக்கள் எழுத்தில் சம்மதம் தந்திருக்கிறார்களா என்றும் பார்ப்பார்கள்.

விண்ணப்பத்தைத் தயாரிக்கும் பொறுப்பு, திட்ட ஒருங்கிணைப்பாளராக இருந்த தமிழ்நாட்டுப் பெண் ஒருவருடையது. கோயம்புத்தூர்க்காரர், பனிப்படலம் பற்றி முனைவர் பட்டம் பெற்றவர். கோப்பைச் சேர்த்துக் கட்டும் வேலை என்னுடையது. துறையில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே.

"வடக்குன்னா எங்களுக்கு டெல்லி, உங்களுக்கு யாழ்ப்பாணம். இவங்களுக்குத்தான் பனி," என்று முதல் வாரத்திலேயே சிரித்தார். "நீங்க வேகமா பேசினா எனக்குப் பாதிதான் அண்ணா புரியுது."

"மிச்சப் பாதியை ஜெர்மனிலை சொல்லட்டோ?" என்றேன்.

"ஐயோ, அதுக்கு இதுவே பரவாயில்ல."

அவருடைய ஒப்பந்தம் அந்தப் படிப்போடு கட்டப்பட்டிருந்தது. அங்கீகாரம் கிடைத்தால் ஒப்பந்தம் நீளும். கிடைக்காவிட்டால் படிப்பும் இல்லை, வேலையும் இல்லை. வேலை இல்லையென்றால் வதிவிட அனுமதியும் இல்லை. அவருடைய கணவருக்கு அப்போதுதான் ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்திருந்தது. கணவரின் அனுமதியும் இவருடைய அனுமதியோடு ஒட்டியதுதான்.

செப்டெம்பரில் டாவோஸில் எல்லாப் பங்காளிகளும் கூடினார்கள். களப்பயிற்சி நடக்க இருந்த ஊர் நோர்வேயின் வடக்கே உள்நாட்டில் இருந்தது. துருவமான் மேய்க்கும் குடும்பங்கள் வாழும் சிறிய ஊர். ஊர்ச்சபைச் செயலாளராக இருந்த பெண்மணி வந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மதியச் சாப்பாட்டில் என் பக்கத்துக் கதிரை அவருக்கு. இந்த ஊரில் நான் கோப்பை கழுவிய ஹோட்டல் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது என்று சொன்னேன். என் விசாரணைக் கதையையும் சொன்னேன். அவர் தன் கதையைச் சொன்னார். அணைக்கட்டுக்கும் காற்றாலைக்கும் சுரங்கத்துக்கும் அவர்களிடம் சம்மதம் கேட்டு வந்தவர்கள் எல்லோரும், வரைபடத்தை அச்சடித்த பிறகுதான் வந்தார்களாம். "நீங்கள் முதலிலேயே கேட்கிறீர்கள். அது நல்லது," என்றார். ஊருக்குப் போய் அடுத்த மாதமே சம்மதக் கடிதம் அனுப்பினார். அன்பான கடிதம். அது கோப்பின் முதல் இணைப்பானது.

ஜனவரியில் நாலு பல்கலைக்கழகங்களும் அட்டவணையில் கையெழுத்திட்டன. களப்பயிற்சி மே மாதத்தில் ஐந்து வாரம். ஏன் மே? நாலு கல்வி ஆண்டுகளிலும் பொதுவாக இடம் இருந்தது அந்த மாதத்தில் மட்டும்தான். அட்டவணையின் பிரதி ஒன்றை ஊர்ச்சபைக்கு 'தகவலுக்காக' அனுப்பினோம். அனுப்பியவன் நான்.

அதற்குப் பதிலாக வந்ததுதான் இரண்டாவது கடிதம். வியாழன் வந்தது, விண்ணப்பத்தின் கடைசி நாள் திங்கள். எளிய ஆங்கிலத்தில், கையால் எழுதியிருந்தார்கள். நீங்கள் வருவதை இன்னமும் விரும்புகிறோம். ஆனால் மே மாதத்தில் மான்கள் கன்று ஈனும். அப்போது ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் மந்தை ஓடும். ஏரியின் பனி மேலே வெள்ளையாக இருக்கும், உள்ளே இற்றுப்போயிருக்கும். ஜூன் கடைசிக்கு மாற்றுங்கள், அல்லது மார்ச்சில் வாருங்கள். கீழே பதினொரு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள்.

ஒருங்கிணைப்பாளர் என் மேசைக்குப் பக்கத்தில் நின்றபடியே படித்தார்.

"அண்ணா, மே வேண்டாங்கிறாங்க. நம்ம அட்டவணை முழுக்க மேதானே?"

"ஓம். நாலு இடத்திலையும் கையெழுத்து வைச்சாச்சு. மாத்திறதெண்டால் எல்லாரும் திரும்பவும் வைக்கோணும். திங்களுக்குள்ளை நடக்காது. அடுத்த சுற்று வாற வருசம்தான்."

"அப்போ இதையும் சேர்த்துத்தானே அனுப்பணும்?"

"சேர்த்தால் கோப்பு தன்னோடை தானே சண்டை பிடிக்கும், பிள்ளை. ஒரு கடிதத்திலை வாங்கோ எண்டு சொல்லுகினம், மற்றதிலை வராதேங்கோ எண்டு சொல்லுகினம். பாக்கிறவன் ரெண்டையும் நம்பமாட்டான். எனக்கு உது நடந்தது."

"வராதீங்கன்னு சொல்லலையே அண்ணா. மேயில வராதீங்கன்னுதானே சொல்றாங்க."

அவர் சொன்னது சரி. அது எனக்கு அந்தக் கணமே தெரியும். ஆனாலும், "முதல்லை அங்கீகாரம் வரட்டும். பேந்து நாள் மாத்திறது என்ன பெரிய வேலையோ? நான் பாத்துக்கொள்ளுறன்," என்றேன்.

அவர் கடிதத்தை இன்னொரு தடவை படித்தார். கடைசியில், "நீங்க சொன்னா சரி. இந்த ஊர்க் காகிதமெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்," என்று என் கையில் கொடுத்தார்.

அன்று மாலையே ஊர்ச்சபைக்குப் பதில் எழுதினேன். 'உங்கள் கடிதம் கிடைத்தது. அதன் உள்ளடக்கம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது. ஒத்துழைப்புக்கு நன்றி.' இப்படிப்பட்ட கடிதங்களை எத்தனையோ அரச அலுவலகங்கள் எனக்கு அனுப்பியிருக்கின்றன. அவற்றுக்கு ஒரு பொருளும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கு அது தெரியாது. நாள் மாற்றப்பட்டுவிட்டது என்றே நம்பினார்கள்.

ஜூன் மாதம் அங்கீகாரம் கிடைத்தது. கோப்பின் ஒழுங்கைக் கூட்டமைப்பு தனியாகப் பாராட்டியிருந்தது. துறையில் கேக் வெட்டினார்கள். துறைத் தலைவரான பேராசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒருங்கிணைப்பாளரின் ஒப்பந்தம் நீண்டது. அவர் எல்லோருக்கும் கேசரி கிண்டிக் கொண்டுவந்தார்.

அந்த ஜூன் தொடக்கம் அடுத்த ஏப்ரல் வரை என் நாட்குறிப்பில் 'மே விடயம் பேராசிரியரிடம் பேச வேண்டும்' என்று ஒன்பது இடங்களில் இருக்கிறது. 'பேசினேன்' என்று ஓரிடத்திலும் இல்லை. ஏன் பேசவில்லை என்று பின்னால் பலமுறை யோசித்தேன். பேசினால், அந்தக் கடிதம் எப்போது வந்தது என்ற கேள்வி வரும். என் குறிப்பேட்டில் அதற்குப் பதில் மணி நிமிடத்தோடு இருந்தது.

மே மாதம் ஏழு மாணவர்கள் போனார்கள். தங்கியது ஏரியின் மறுகரையில் இருந்த பல்கலைக்கழக நிலையத்தில். அவர்கள் வந்தது ஊருக்குத் தெரியாது. இரண்டாவது வாரம், பனியின் தடிப்பை அளக்க ஒரு ட்ரோனைப் பறக்கவிட்டார்கள். குன்றுக்கு அந்தப் பக்கம் கன்று ஈன்றுகொண்டிருந்த மந்தை சிதறி, ஏரிப் பனியின் மேல் ஓடியது. பனி உடைந்துவிட்டது. எத்தனை மான்கள் போயின என்று நான் எழுதி வைத்திருக்கிறேன்; இங்கே எழுத மனம் வரவில்லை. அதே நாள் ஊர்க்காரர் ஒருவரும் பனி ஸ்கூட்டரோடு அதே ஏரிக்குள் போனார். இரண்டு நாள் கழித்துத்தான் உடலை எடுத்தார்கள். முப்பத்து நாலு வயது. இரண்டாவது கடிதத்தில் மூன்றாவதாக இருந்த கையெழுத்து அவருடையது.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை காலை 9.10க்கு அந்த ஊர்ச்சபைச் செயலாளர் தொலைபேசியில் வந்தார். டாவோஸில் என்னோடு சாப்பிட்டவர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். எங்கள் இரண்டாவது கடிதத்தை உங்கள் பக்கத்தில் யார் படித்தார்கள்?

ஒரு பெயரும் சொல்லாமல், "படித்தோம்," என்றேன்.

படிக்காமல் விட்டிருப்பீர்கள், தபாலில் தவறியிருக்கும் என்று எங்கள் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் இதை நான் எப்படிச் சொல்வேன் என்றார். பிறகு வைத்துவிட்டார்.

அன்று மத்தியானமே கூட்டமைப்புக்கு எழுதத் தொடங்கினேன். அனுப்புவதற்கு முன்னர் ஒருங்கிணைப்பாளரிடம் கொண்டு போனேன். அவருடைய முகம் இரண்டு நாளில் பாதியாகியிருந்தது.

"எல்லாம் நான்தான் செய்தது எண்டு எழுதியிருக்கிறன். நீங்கள் அந்தக் கடிதத்தைக் காணவே இல்லை எண்டு போட்டுவிடுறன். என்ரை வேலை நிரந்தரம், பாஸ்போட்டும் இந்த நாட்டுது. உங்களுக்கு அப்பிடி இல்லை."

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே, "வேணாம் அண்ணா," என்றார். "இன்னொரு தடவை காகிதத்தைச் சுத்தம் பண்ணாதீங்க. நான் படிச்சேன். படிச்சேன்னே எழுதுங்க."

அப்படியே எழுதினேன். இரண்டாவது கடிதத்தையும், என் பதிலையும், நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தையும் இணைத்தேன். அங்கீகாரம் நிறுத்தி வைக்கப்பட்டது. படிப்பு முதல் அணியோடு முடிந்தது. எனக்கு எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கை கிடைத்தது, வேலை போகவில்லை. அவருடைய ஒப்பந்தம் முடிந்தது, அனுமதியும் முடிந்தது. ஒக்டோபரில் கணவரோடு ஊருக்குப் போனார். விமான நிலையத்துக்கு நான் வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தைச் சேர்க்கவா என்று கேட்டவர் போனார். சேர்க்க வேண்டாம் என்று சொன்ன நான் இன்னமும், சூரிச்சுக்கு வெளியே நான் குடியிருக்கும் டீட்டிகோனிலிருந்து அதே ரயிலில் ஏறி அதே மேசைக்குப் போகிறேன்.

அகதி விசாரணையில் என்னை ஒரு காலத்தில் நம்பாமல் விட்ட அந்த அதிகாரியை நான் பல ஆண்டுகள் வெறுத்திருக்கிறேன். அவர் என் இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாவது நம்பாமல் விட்டார். நானோ அந்தப் பதினொரு பேரின் பேச்சை, முடிவெடுக்கிறவர்களின் கண்ணிலேயே காட்டவில்லை.

ஒன்றை மட்டும் பதிவுசெய்து முடிக்கிறேன். மாணவர்களின் பதிவின்படி ட்ரோன் மேலே ஏறியது முற்பகல் 11.35. இறந்தவர் சிதறிய மந்தையை மறிக்கப் போனார் என்று செயலாளர் பின்னர் கூட்டமைப்புக்குத் தெரிவித்திருந்தார். இறந்தவர் பத்து மணிக்கு முன்பே, ஏரியில் போட்டிருந்த மீன்வலையை எடுக்கப் போனார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதாக உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று எழுதியிருந்தது. பொலிஸ் அறிக்கையின் சுருக்கத்தில் 'பகலில்' என்று மட்டும் இருக்கிறது. செயலாளருக்கு எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை, வரவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. எந்தப் பதில் எனக்குச் சாதகமானது என்பது தெரிந்திருப்பதாலேயே இரண்டு பேச்சையும் ஒன்றின் கீழ் ஒன்றாக அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: அவர் எங்கள் ட்ரோன் பறந்த பிறகு ஏரிக்குப் போனாரா, அதற்கு முன்பே போயிருந்தாரா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதியாகவில்லை.