ஊன்றி வைத்த ஜாடி

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது நான்கு, நாத்தனார் பிள்ளையையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. அந்த நாத்தனாரை நினைத்தால் அவள் ஜாடிதான் முன்னால் வருகிறது. நீண்ட கழுத்து, இரண்டு காது, அடியோ பம்பரம் போலக் கூர். பாகூர் பக்கம், ஆற்றை ஒட்டிய எங்கள் கரும்புக் கொல்லையில் அவள் மண்வெட்டியில் தட்டுப்பட்டது. தரையில் வைத்தாள், சாய்ந்தது. சுவரோரம் வைத்தாள், உருண்டது.

கைப்பிள்ளையோடு புருஷன் வீட்டை விட்டு வந்தவள் அவள். ஊர் சும்மா இருக்குமா? "வாழப்போன வூட்ல நிக்காதவளுக்கு நிக்காத ஜாடி" என்று களையெடுக்கிற இடத்தில் சிரித்தார்கள். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஐயனார் கோயில் வேப்பமரத்தடியில் மணலைக் குவித்து, ஜாடியை ஊன்றினாள். "இன்னாடி பாக்கறீங்க? ஊனி வச்சா எதுவும் நிக்கும்" என்றாள். வெள்ளிதோறும் மஞ்சள் பூசினாள். போகப்போகச் சிரித்தவர்களே அங்கே பொங்கல் வைத்து, 'ஜாடியாத்தா' என்று கும்பிட்டார்கள். அவள் கண்ணை மூடிய பிறகு மஞ்சள் பூசுவது நான்.

போன மாதம் டவுனிலிருந்து சரித்திர வாத்தியார் ஒருவர் வந்து பார்த்தார். ஈராயிரம் வருஷத்துக்கு முன் ரோமாபுரியிலிருந்து கப்பலில் ஒயின் வந்த ஜாடியாம். இங்கிருந்து மணியும் துணியும் போயினவாம். எந்த ஊர்க் குயவன் வனைந்தானோ, எங்கள் மணல்தான் அதற்குக் கால் ஆனது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒயின் என்ற சொல்தான் வினையானது. கோயில் திருப்பணி பார்ப்பவன் அந்த ஐந்தாவது பிள்ளைதான். "சாராய ஜாடிக்கா, அத்த, இத்தினி நாளு மஞ்சப் பூசினோம்? கும்பாபிஷேகத்துக்குள்ள எடுத்துடணும்" என்றான்.

நான் போய் ஜாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். "பாண்டியில பொறந்துட்டு ஒயினுக்கு மெரள்றியேடா!" என்றேன். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"ஒங்கம்மாவ நிக்காதவன்னாங்க. ஒன்ன இடுப்புல வச்சிக்கினு அவ நின்னு காட்டின எடம் இது. இத்தப் புடுங்கணும்னா மொதல்ல என்னத் தூக்கு."

உச்சி வெயில் இறங்கும் வரை எழவில்லை. அவன் எங்கோ போனான். திரும்பி வந்தபோது தோளில் ஆற்று மணல் மூட்டை.

"நவுரு அத்த. அடிமண்ணு எறங்கிக் கெடக்கு."

மணலைக் கொட்டி, தன் கையாலேயே அணைத்தான். ஜாடி நேராக நிற்கிறது.

எனக்குப் பேர் எழுத மட்டும்தான் வரும். நான் சொல்ல, பேத்தி எழுதினாள். "எங்க, படிடி. நான் சொன்னது சாயாம நிக்குதான்னு பாப்பம்."