என் கையும் அவள் புரொஃபைலும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதத்துக் காலை. வண்டிப்பெரியாரிலிருந்து குமுளிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, போனில் என் கையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கை நிறையப் பச்சை ஏலக்காய், மணிக்கட்டுக்குக் கீழே பழைய தீத்தழும்பு. சந்தேகமே இல்லை, என் கைதான். ஆனால் படம் இருந்தது வேறொருத்தியின் பக்கத்தில். கீழே இருநூறு பேருக்கு மேல் கைதட்டியிருந்தார்கள்.

அந்த வேறொருத்தி யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குமுளியில் ஒரு ஏலக்காய் வியாபாரியின் தரம் பிரிக்கும் அறையில் அப்போது நான் பதினான்கு வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காயைச் சல்லடையில் அளவு பிரிப்பது, வெடித்ததையும் பூச்சி துளைத்ததையும் பொறுக்கி எறிவது, எந்தக் காய் சரியாகக் காய்ந்திருக்கிறது, எது ஈரத்தோடு வந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது, இதுதான் வேலை. நான் சேர்ந்து ஒன்பது வருடம் கழித்து அவள் வந்தாள். எங்கள் எஸ்டேட்டுக்கு அடுத்த எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்து வீட்டில் வளர்ந்தவள், தபாலில் பி.காம். முடித்தவள். என்னைவிடப் பத்து வயது இளையவள். வந்த புதிதில் ஏலக்காயைக் கையில் கொடுத்தால் டீயில் போடத்தான் தெரியும். காதோரம் ஒரு காயைக் குலுக்கி, விதை உள்ளே கலகலவென்று ஆடுகிறதா என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தவள் நான். தோலை நகத்தால் கீறி முகரச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தான்.

அந்தப் பெண், அந்த மாசிக்கு நான்கு மாதம் முன்பு கொச்சியில் ஒரு ஏற்றுமதி கம்பெனிக்குத் தரப் பரிசோதகராகப் போய்விட்டாள். எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். வேலை, தொழில் சம்பந்தப்பட்டவர்களுக்கென்றே ஒரு வலைத்தளம் இருக்கிறதாம். அதில் தன் படிப்பு, அனுபவம் எல்லாம் எழுதிப் புரொஃபைல் ஒன்று போட்டாளாம். அவர்களாகவே அதைப் பார்த்துக் கூப்பிட்டார்களாம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சிரித்துக்கொண்டே சொன்னாள். "நல்லதுடி" என்றேன். அதற்குப் பிறகு அன்றைக்குச் சோறு எனக்கு இறங்கவில்லை.

வயிறு எரிந்தது என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வோமே, எனக்கு நிஜமாகவே எரிந்தது. அவள் நன்றாக இருக்கக்கூடாது என்றில்லை. பதினான்கு வருடத்தில் என்னை யாரும் கூப்பிடவில்லையே என்பதுதான். முதலாளிக்கு என் பெயர்கூட நாக்கில் வராது, ஊரை வைத்து "அந்தப் பெரியார்க்காரி" என்பார். என்னிடம் படித்துவிட்டுப் போனவள் இப்போது நீலக் கோட்டும் வெள்ளைத் தொப்பியுமாகக் கண்ணாடி அறையில் நிற்கிறாள்.

எரிகிற நெருப்புக்கு எண்ணெய் மாதிரி, அந்த மாதமே எங்கள் அறைக்கு ஒரு மெஷின் வந்தது. ஒரு பக்கம் காயைக் கொட்டினால் நிறம் பார்த்து அதுவே பிரித்து மறுபக்கம் தள்ளிவிடும். நாங்கள் எட்டுப் பெண்கள். "சீசன் முடியட்டும், பாக்கலாம்" என்றார் முதலாளி. அவருடைய 'பாக்கலாம்' என்றால் என்ன என்று எட்டுப் பேருக்கும் தெரியும். வீட்டுக்காரர் வேலை பார்க்கும் தேயிலை ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடிக்கொண்டிருந்தது. மகள் பிளஸ் டூ, நர்சிங் படிக்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். எனக்கு அந்த வேலை போனால் அவள் படிப்பும் போகும். அவ்வளவுதான் கணக்கு.

இந்த நிலையில் நான் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். வேலை தேட வேண்டிய நேரத்தில் அவள் பக்கத்தைத் தேடினேன். நீயும் ஒரு பக்கம் திறந்து உள்ளே வந்தால்தான் முழுதாகக் காட்டுவேன் என்றது அந்தத் தளம். சரி என்று பெயரைக் கொடுத்தேன், ஊரைக் கொடுத்தேன், படம் கேட்டது, ரேஷன் கார்டுக்கு எடுத்ததைக் கொடுத்தேன். வேலை பெறவேண்டும் என்ற எண்ணம் துளியும் கிடையாது. அவளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பார்த்தேன். 'ஏலக்காய்த் தரம் பிரிப்பில் ஐந்து வருட அனுபவம்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தாள். அப்படியா, அப்படியானால் நான் பதினான்கு. உடனே என் பக்கத்தில் எழுதினேன். அவள் ஈரப்பதப் பரிசோதனை என்று போட்டிருந்தாள். நான் ஈரப்பதத்தோடு, ஒரு லிட்டர் காய் எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்ப்பது, பழைய சரக்கு கலந்திருந்தால் கண்டுபிடிப்பது, சாயம் ஏற்றிய காயைப் பிடிப்பது என்று வரிசையாகப் போட்டேன். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது. போனில் தமிழில் பேசினால் அதுவே மாற்றிக் கொடுத்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் நான் யாரிடமோ சண்டை போடுகிறேன் என்று நினைத்திருப்பார். அவள் ஒரு வரி சேர்த்தால் நான் இரண்டு வரி சேர்ப்பேன். அவள் இவ்வளவு எழுதியிருக்காவிட்டால் என் பக்கம் இன்றைக்கும் வெறும் பெயரோடுதான் நின்றிருக்கும்.

காலையில் பஸ் ஏறியதும் ஒரு தடவை, சாயங்காலம் திரும்பும்போது ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துப் போட்டுவிட்டு ஒரு தடவை. புதுப் படம் போட்டாளா, யார் யார் பாராட்டினார்கள், அந்தத் தொப்பி அவளுக்குப் பொருந்துகிறதா. பொருந்தவில்லை என்று முடிவு செய்தால் அன்று முழுவதும் எனக்கு மனசு லேசாக இருக்கும். இவ்வளவு கண் படுகிறதே, ஒரு ஜலதோஷமாவது பிடிக்கக்கூடாதா என்றுகூட நினைத்திருக்கிறேன். அவ்வளவு கேவலமாக இருந்தேன்.

அப்படி ஒரு காலையில்தான் என் கையைப் பார்த்தேன். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் "அக்கா, கையை நீட்டுங்க" என்று அவள் படம் எடுத்தது ஞாபகம் வந்தது. கை என்னுடையது, பாராட்டு அவளுக்கு. பஸ்ஸிலேயே அழுகை வந்தது. அது அழுகையா ஆத்திரமா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

அந்த வாரம்தான் அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. "அக்கா, என்னோட பக்கத்துல என்னப் பத்தி நாலு வரி எழுதித் தருவீங்களா? கூட வேல பாத்தவங்க எழுதுனா நல்லதுன்னு சொல்லுதாங்க." படித்தேன், வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டாள். இங்கே நெட் சரியாக இல்லை என்று பதில் போட்டேன். நெட் இல்லாமல்தான் அந்தப் பதில் போனதாக்கும்.

பங்குனி பிறந்ததும் ஒரு போன் வந்தது. மலையாளத்தில் ஒரு பெண் குரல், மரியாதையாக 'சேச்சி' என்று கூப்பிட்டது. கட்டப்பனைக்குப் பக்கத்தில் கொள்முதல் நிலையம் ஒன்று தொடங்குகிறோம், உங்கள் புரொஃபைலைப் பார்த்தோம், வியாழக்கிழமை நேரில் வரமுடியுமா என்று கேட்டார். கம்பெனியின் பெயரையும் சொன்னார். அவள் போன அதே கம்பெனி.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர்களாகவே பார்த்திருக்கிறார்கள், அவர்களாகவே கூப்பிட்டிருக்கிறார்கள். அவளுக்கு நடந்ததுபோலவே எனக்கும் நடந்துவிட்டது. வியாழக்கிழமை கட்டப்பனை பஸ்ஸில் போகும்போது என் நினைப்பெல்லாம் நேர்முகத் தேர்வில் இல்லை. வேலை கிடைத்ததும் அவளிடம் எப்படிச் சொல்வது, சாதாரணமாகச் சொல்வதுபோல எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். 'அட, உனக்குத் தெரியாதா, எனக்கும் அங்கேதான்டி' என்று முடிப்பதாகத் திட்டம்.

போய் இறங்கினால், வாசலில் நீலக் கோட்டோடு அவளே நிற்கிறாள். ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். புது நிலையத்துக்கு ஆள் எடுக்க, தன் மேலதிகாரி மேடத்தோடு கொச்சியிலிருந்து வந்திருக்கிறாளாம். என் ஒத்திகையெல்லாம் அந்த வாசலிலேயே செத்தது. என் முகம் போன போக்கைப் பயம் என்று நினைத்து, "ஒண்ணும் இல்லக்கா, நீங்க பாக்காத காயா" என்று தைரியம் வேறு சொன்னாள்.

உள்ளே மேசை மேல் மூன்று தட்டு. மூன்றிலும் ஏலக்காய். எடுத்துப் பாருங்கள் என்று மேடம் கையைக் காட்டினார். முதல் தட்டைத் தொட்டதுமே சொன்னேன், நல்ல காய். இரண்டாவதில் நிறம் பளபளவென்று இருந்தது. ஆனால் கீறி முகர்ந்தால் வாசம் முதலில் வந்துவிட்டுச் சட்டென்று நின்றுபோனது. போன வருடத்துச் சரக்கு கலந்திருக்கிறது என்றேன். மூன்றாவதைக் காதோரம் குலுக்கினேன். விதை ஆடவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நாள் காயவேண்டும், இப்படியே மூட்டை கட்டினால் பூசணம் பிடிக்கும் என்றேன். மேடம் ஈரம் அளக்கும் மெஷினில் வைத்துப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு எனக்குப் புரியவில்லை.

டீ குடிக்க வெளியே வந்தோம். ஒரு நாளும் கேட்கக்கூடாது என்று வைத்திருந்த கேள்வியைக் கேட்டேவிட்டேன். "என் புரொஃபைலை இவங்க எப்படிப் பாத்தாங்க?"

"நான்தான்க்கா மேடத்துட்ட காட்டினேன்" என்றாள். "நீங்கதான் தெனமும் என் பக்கத்துக்கு வந்து பாத்துட்டுப் போவீங்கள்ல. ஏதோ கேக்க நெனச்சு, கூச்சப்பட்டுக் கேக்காம போறீங்கன்னு நெனச்சேன்."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "நான் பாக்குறது உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் போனைத் திறந்து காட்டினாள். 'உங்கள் பக்கத்தைப் பார்த்தவர்கள்' என்று ஒரு பட்டியல். அதில் எல்லாருக்கும் மேலே, ரேஷன் கார்டுப் படத்தோடு, நான்.

எங்கள் லயத்தில் வீடுகள் ஒட்டி ஒட்டித்தான் இருக்கும். போகிறபோது வருகிறபோது அடுத்த வீட்டுக்குள் ஒரு பார்வை போகத்தான் செய்யும். என்ன குழம்பு, யார் வந்திருக்கிறார்கள், புது டிவி வாங்கிவிட்டார்களா. யாரும் அதைக் கணக்கு வைப்பதில்லை. போனில் பார்ப்பதும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். நான் எட்டிப் பார்த்த ஒவ்வொரு தடவையும் அந்த வீட்டுக் கதவைத் தட்டிப் பெயரைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

தரையில் ஓட்டை விழுந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. பிடிபட்டேன், இனி என்ன சொல்வது என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது அவள் பேசிக்கொண்டே போனாள்.

"கொச்சில மொத ரெண்டு மாசம் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுக்கா. ஹாஸ்டல்ல யாரும் பேச மாட்டாங்க. ஆபீஸ்ல என் மலையாளத்தக் கேட்டுச் சிரிப்பாங்க. விட்டுட்டு வந்துரலாம்னு பெட்டிகூடக் கட்டிட்டேன். காலைல போன எடுத்தா, அக்கா வந்து பாத்துட்டுப் போயிருக்காங்கன்னு காட்டும். நம்மள நெனைக்க ஒரு ஆளு இருக்குன்னு கெளம்பிப் போயிருவேன். ஒரு வாரம் நீங்க வரவே இல்ல. ஒடம்புக்கு என்னவோன்னு பயந்துட்டேன்."

அந்த வாரம் எனக்கு நினைவிருக்கிறது. ரீசார்ஜ் தீர்ந்திருந்தது.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அதற்குப் பதிலாக, "என் கையைப் படம் எடுத்துப் போட்டிருக்கியே, கேட்டியா?" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. தன் கையை விரித்துக் காட்டினாள், நகமெல்லாம் கடித்துக் கடித்துக் குட்டையாக இருந்தது. "என் கை இப்படி இருக்குக்கா. உங்க கைதான் காயப் புடிக்கிற கை மாதிரி இருந்துச்சு. கேக்கணும்னு தோணல, தப்புதான்." அந்த ஒரு தப்பு அவளிடம் இருந்தது எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொல்லி முடியாது.

வேலை கிடைத்தது. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் கேட்டிருந்த அந்த நாலு வரியை எழுத உட்கார்ந்தேன். முதல் மூன்று வரி சீக்கிரம் வந்துவிட்டது. நான்காவது வரியில், 'நான் கற்றுக்கொடுத்ததை என்னைவிட நன்றாகச் செய்கிறாள்' என்று எழுதவேண்டும். அதுதான் உண்மையும்கூட. ஏலப்பாறை தாண்டி, வண்டிப்பெரியார் பாலம் வருகிறவரைக்கும் 'என்னைவிட' என்பதை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

இப்போது மகள் நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள். அந்தப் பெண் கொச்சியில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டாள், அந்தச் செய்தி வந்த அன்றும் எனக்கு வயிற்றில் சுருக்கென்றுதான் இருந்தது. பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். நான் எதற்காக அவள் பக்கத்தைப் பார்த்தேன் என்பதை இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். ஆனால் இன்றைக்கும் காலையில் கட்டப்பனை பஸ் ஏறி உட்கார்ந்ததும் நான் செய்கிற முதல் வேலை அவள் பக்கத்தைத் திறப்பதுதான். என் பெயரைப் பார்த்துவிட்டு அங்கே ஒருத்தி வேலைக்குக் கிளம்புகிறாள் என்று தெரிந்த பிறகு, ஒரு நாள்கூடத் தவறவிட எனக்கு மனம் வருவதில்லை.