சுவரைப் பார்த்து டீ குடிப்பவர்

“சிரிங்க பாக்கலாம். அப்படியே ரெண்டு கையையும் தூக்குங்க.”

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் சந்திரம்மாவின் டீக்கடைக்கு வருகிற யாரும் எத்திராஜிடமிருந்து தப்ப முடியாது. ஷிஃப்டுக்கு ஓடுகிறவனாக இருந்தாலும் பல்லைக் காட்டிவிட்டுத்தான் போகவேண்டும். முறைத்தால், “சரி, உன் பேரு ஊராவது சொல்லு” என்று நாக்கையும் சோதித்துவிடுவார். புது ஆட்கள் கிறுக்கு என்று நினைப்பார்கள். பழகினவர்கள் கையைத் தூக்கிக்கொண்டேதான் கடைக்குள் நுழைவார்கள்.

ஊரையே சிரிக்கச் சொல்கிற மனிதர் தன் நீல மாஸ்க்கை மட்டும் இன்னும் கழற்றவில்லை. கொரோனாவை எல்லாரும் மறந்தாயிற்று. டீ வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பி, மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கி, இடது கையால் குடிப்பார்.

அந்தக் கொரோனாக் காலத்தில் கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. யார் கண்ணில் படும்? மாஸ்க் மூடியிருந்தது. குழறினதையும் மாஸ்க்குக்குள்ளிருந்து பேசுவதால் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி நெற்றியில் காய்ச்சல் பார்த்தான். இல்லை. “ஏனூ இல்ல, மனெகெ ஹோகி”, ஒன்றுமில்லை என்று கன்னடத்தில் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டான், பாவி. மறுநாள் கொரோனா டெஸ்ட் முடிவுக்காக வெளியே காத்துக் கிடந்தபோது, ஒரு நர்ஸ் அவருடைய மாஸ்க்கை இறக்கி, சிரிக்கச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். அப்புறம்தான் பக்கவாதம் என்று தெரிந்தது.

“நேத்தே வந்திருக்கலாமே” என்றார் டாக்டர். நேற்றே வந்தேனே என்று சொல்ல எத்திராஜுக்கு வாய் வரவில்லை.

வலது கைக்குப் பாதி அசைவு திரும்பியது. வாய் கோணலாகவே நின்றுவிட்டது. அதற்காக மூலையில் உட்காருகிற ஆள் இல்லை அவர். அதே கம்பெனியில் கேட் பார்க்கிறார், லாரி டிரைவர்களோடு வாயாடுகிறார், ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறார். முகத்தை மட்டும் மனைவி சீதாலட்சுமிக்குத்தான் காட்டுவார். “வெளிய காட்டினா ஐயோ பாவம்பாங்க. அத என்னால தாங்க முடியாதுப்பா.”

போன மாதம் ஒரு காலையில் சந்திரம்மா சளி என்று மாஸ்க் போட்டிருந்தார்.

“எறக்குங்கக்கா, சிரிங்க.”

“ஹோகப்பா! காலங்காத்தால உன் தமாஷு.”

“ஒரே ஒரு தடவக்கா.”

திட்டிக்கொண்டே இறக்கினார். சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது. எத்திராஜ் கத்திய கத்தலில், கடந்துபோன ஆட்டோ ஒன்று திரும்பி வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி வாயைத் திறப்பதற்குள் “ஸ்ட்ரோக்! ஸ்ட்ரோக்!” என்று ஊரைக் கூட்டிவிட்டார். ஸ்ட்ரெச்சர் ஓடி வந்தது. நேரத்துக்கு ஊசியும் போட்டார்கள்.

சந்திரம்மா இப்போது கடைக்குத் திரும்பிவிட்டார். வாய் நேராகிவிட்டது, வசவும் பழையபடி வருகிறது. வந்த முதல் நாள் எத்திராஜுக்கு டீயை நீட்டியவர், கிளாஸை விடாமல் பிடித்துக்கொண்டார்.

“ஊரெல்லாம் சிரி சிரின்னு உயிர எடுக்கிறியே எத்திராஜு, இப்ப நீ எறக்கு. நானும் பாக்கணும்ல?”

“வேணாங்கக்கா, நல்லா இருக்காது.”

“என்னுது மட்டும் நல்லா இருந்துச்சா?”

எத்திராஜ் ஒருமுறை சுவரைப் பார்த்தார். பிறகு காதிலிருந்து மாஸ்க்கைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாலையைப் பார்த்து நின்று டீயைக் குடித்தார்.