டெக்கில் வந்தவர்கள்

சூசையை நேற்று மாலை வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. சாமியாரையும் குழி வெட்டியவர்களையும் விட்டால், வந்தவர்களை ஒரு குடைக்கடையின் தாழ்வாரத்தில் நிறுத்திவிடலாம். பத்திரிகையில் வரக்கூடிய சாவு இல்லை இது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

பினாங்குத் துறைமுகத்துக்குத் தெற்கே ஒரு தீவில் தடுப்பு முகாம் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து வரும் கப்பல்களில் டெக்குப் பயணிகள், அதாவது திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுத்து வருகிறவர்கள், ஊருக்குள் நுழையும் முன் அங்கே இறக்கப்படுவார்கள். மருந்துத் தண்ணீரில் குளித்து, அம்மை குத்திக்கொண்டு, நோய் ஒன்றும் இல்லை என்று தெரியும்வரை கொட்டகைகளில் இருக்க வேண்டும். கூடுதல் பணம் கொடுத்துக் கேபின் அறையில் வந்தவர்கள் நேரே ஊர்த் துறைமேடையான ஜெட்டியில் இறங்கி வீட்டுக்குப் போகலாம். நான் அந்த முகாமில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கிறேன். சூசை அங்கே துணி அவிப்பவராக இருந்தார்.

பயணிகள் குளிக்கப் போகும்போது அவர்கள் உடுத்தியது, மூட்டையில் வைத்திருந்தது எல்லாவற்றையும் வாங்கி, தகர வில்லை கட்டி, பெரிய இரும்புப் பெட்டிக்குள் அடுக்கி நீராவியைத் திறந்துவிடுவது அவர் வேலை. அதுவரை அவர்கள் முகாமின் முரட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். முகாம் சமையல்காரர் சுலைமான் அவரை 'இட்டிலி மாஸ்டர்' என்றே கூப்பிடுவார்.

"என்ன மாஸ்டர், இன்னிக்கு எத்தனை ஈடு?"

"ரெண்டு ஈடு. உன் சோத்தை விட நல்லா வெந்திருக்கு, வந்து பாரு."

சூசைக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் உண்டு. ஒரு பெண்ணின் புதுச் சேலைச் சாயம் கரைந்து யாரோ ஒரு மிராசுதார் மகனின் வேட்டியில் ஏறிவிட்டால், அதைத் தூக்கிக் காட்டிச் சொல்வார்: "பாத்தீங்களா கிராணி ஐயா, ஊர்ல எட்டி நின்னவங்க இங்க ஒண்ணா வெந்துட்டாங்க. கரையேறினதும் மறுபடி பிரிஞ்சிருவாங்க." கங்காணிகளைப் பற்றி, ரப்பர் விலையைப் பற்றி, கோவிலில் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காருகிறவர்களைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் எழுதினால் எனக்கு வேலை போய்விடும். ஆனால் எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் வந்து முடிப்பார். "கிருமிக்குக் கண்ணு இருக்கு ஐயா. அது டிக்கெட்டைப் பாத்துட்டுத்தான் ஏறும். கேபின் டிக்கெட்டுன்னா கும்பிட்டுட்டு ஒதுங்கிக்கும்."

ஒருமுறை இந்தியாவிலிருந்து ஒரு பேச்சாளர் வந்திருந்தார். ஜெட்டியிலேயே மாலை மரியாதை. மாலையில் இந்தியர் சங்கக் கட்டடத்தில் சமத்துவத்தைப் பற்றி அழகாகப் பேசினார். கடைசியில் யாராவது கேள்வி கேட்கலாம் என்றதும் சூசை எழுந்தார்.

"ஐயா, நீங்க வந்த கப்பல்லயே டெக்குல கொள்ளைச் சனம் வந்துச்சே, அவங்களும் இந்தப் பேச்சைக் கேட்டா நல்லதுதானே?"

"தாராளமாக வரட்டும்" என்றார் பேச்சாளர்.

"எங்க வர்றது? எங்க தீவுல துண்டோட உக்காந்திருக்காங்க. அவங்க துணியை அவிக்க வேண்டியவன் நான்தான். லீவு போட்டுட்டு உங்க பேச்சைக் கேக்க வந்துட்டேன்."

கூட்டம் சிரித்தது. பேச்சாளரும் சிரித்துவிட்டு, கதரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். திரும்பும்போது சுலைமான் சொன்னார்: "சூசை, உன் வாய் மட்டும் கேபின் கிளாஸ்தான்."

அந்தச் சூசைதான், இருபத்தாறாம் வருஷம், தன் மனைவிக்கும் மகளுக்கும் கேபின் டிக்கெட் வாங்கினார்.

மனைவி மதலேன் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரில் இருந்தாள். மகள் ரோசலின், அவர் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிய பிறகு பிறந்தவள். அவர் முகம் பார்க்காத பிள்ளை. இருவரையும் அழைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் முகாம் வழியாக வரக்கூடாது. இந்த ஒன்றுக்காகத்தான் அவர் வெற்றிலையை விட்டார், கள்ளை விட்டார், பல ஞாயிற்றுக்கிழமைகளில் தீவிலிருந்து பினாங்குக்குப் போகும் லாஞ்சுப் படகையும் விட்டார். அந்தக் கொட்டகைகளில் யார் யார் எப்படிப் படுத்திருந்தார்கள் என்பதை அவர் கண்ணால் பார்த்திருந்தார்.

சுலைமான் விடவில்லை. "ஊருக்கு ஒரு நியாயம், உன் பொண்டாட்டிக்கு ஒரு நியாயமா? கும்பிட்டு ஒதுங்குற கிருமி இப்ப உனக்கும் வேணுமாக்கும்?"

"வேணும். நியாயம் மாறுற வரைக்கும் எம் புள்ள காத்துக்கிட்டு இருக்கணுமா?"

சுலைமான் கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். 

கப்பல் வந்த அன்று என்னுடைய வெள்ளைக் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு ஜெட்டிக்கு வந்தார். தோளில் இறுக்கிப் பிடித்தது. நானும் அலுவல் விஷயமாக அங்கே இருந்தேன். ஒரு செட்டியார் இறங்கினார். இரண்டு கன்னியாஸ்திரீகள், ஒரு தோட்டத்துத் துரை, அவர் மனைவி, அவர்களுடைய நாய். அத்தோடு கப்பல் ஏணியைத் தூக்கினார்கள்.

"கப்பலைத் தவற விட்டுட்டா போல" என்றார் சூசை. "அவளுக்கு எப்பவும் கிளம்ப நேரமாகும்."

டெக்குப் பயணிகளைத் தீவுக்கு ஏற்றிப் போயிருந்தார்கள். துணி அவிக்க ஆள் வேண்டும். கோட்டைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு அவரும் என்னோடு லாஞ்சில் ஏறினார்.

சற்று நேரத்தில் அவர் என் மேசைக்கு முன் வந்து நின்றார். கையில் ஒரு பாத்தேக், மலாய்க்காரர்கள் மெழுகுச் சாயமிடும் துணி, நீலத்தில் பறவை போட்டது. சௌராஸ்தா மார்க்கெட்டில் நானும் அவரும் சேர்ந்து போய்த்தான் அதை வாங்கினோம்; ஊருக்குப் போன ஒருவரிடம், பிள்ளையைப் போர்த்த என்று கொடுத்து அனுப்பியிருந்தார். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் மூட்டையில் பினாங்கு பாத்தேக் இருக்காது.

"இது டெக்கு மூட்டையில இருந்துச்சு" என்றார். பிறகு பெண்கள் கொட்டகைப் பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் மதலேன் வந்தாள். முரட்டுத் துணியைச் சுற்றியிருந்தாள். தலையிலிருந்து மருந்துத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இடுப்பில் இருந்த பிள்ளை இவரைப் பார்த்ததும் அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"ஏன் டெக்குல வந்தே?"

"கோவிச்சுக்காதீங்க. அந்த ரூமுல ஒத்தையில எப்படி இருக்கிறது? பக்கத்துல எல்லாம் தொரைசானிங்களாம். முள்ளுலயும் கரண்டியிலயும் திங்கணுமாம். எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. எங்க அண்ணன்தான் டிக்கெட்டை மாத்திக் குடுத்துச்சு." அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "டெக்குல நம்ம சனம் எத்தனை பேரு! பேச்சுத்துணைக்குக் குறைவே இல்லை. புள்ளையை யாரும் கீழ விடல. மடி மாத்தி மடி, மடி மாத்தி மடி, எல்லாரும் வச்சுக்கிட்டாங்க."

சூசை வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அவள் முந்தானை முடிச்சைப் போலவே அந்த முரட்டுத் துணியின் ஓரத்தில் எதையோ முடிந்து வைத்திருந்தாள். அவிழ்க்காமல், முடிச்சோடு அந்த ஓரத்தைக் கிழித்து வேலி வழியே நீட்டினாள். "டிக்கெட்டு மாத்தின மிச்சம் அப்படியே இருக்கு. ஒத்தைக் காசு தொடல."

"நல்லது செஞ்சே" என்றார் அவர்.  எவ்வளவு சாமர்த்தியமாக வந்து சேர்ந்திருக்கிறோம் என்ற சந்தோஷத்தில் அவள் நின்றிருந்தாள். பணக்காரனின் அறையில் மூச்சு முட்டும். ஏழைகளுக்கு நடுவில் பயம் விட்டுப் போகும். அவள் செய்ததில் இதைத் தவிர வேறு குற்றம் எதையும் நான் காணவில்லை.

அம்மை கப்பலிலேயே ஏறியிருந்தது. மடி கொடுத்த பெண்களில் ஒருத்திக்கு முதலில் கண்டது. அடுத்த வாரம் ரோசலினுக்கு ஜுரம் வந்தது, பிறகு முத்துகள். தாயையும் பிள்ளையையும் தனிக் கொட்டகைக்கு மாற்றினார்கள். முகாமில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் நல்ல மனிதர். தம்மால் ஆனதைச் செய்தார். வேலை செய்கிறவர்கள் அந்தக் கொட்டகையைச் சுற்றிக் கட்டிய கயிற்றைத் தாண்டக்கூடாது என்பது விதி. சூசை பகலில் துணி அவித்தார். மற்ற நேரமெல்லாம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் குந்தியிருந்தார். சுலைமான் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார். கேலி பேசவில்லை.

ஒருநாள் பிள்ளை கொட்டகை வாசல்வரை தூக்கி வரப்பட்டபோது கையை அசைத்தது என்று சூசை சொன்னார். ஈயை விரட்டியதாகவும் இருக்கலாம். நான் அதைச் சொல்லவில்லை.

ரோசலின் இறந்ததும், அம்மை கண்டவர்களின் துணியை அவிக்கக்கூடாது, எரிக்க வேண்டும் என்றார்கள். எரிப்பதும் அவர் வேலைதான். நீல பாத்தேக்கை அவரே அடுப்பில் போட்டார். சடலம் தீவை விட்டுப் போகக்கூடாது. தீவின் மலைச்சரிவில் ஒரு குழி, அதில் சுண்ணாம்பு. குருவானவர் வர முடியவில்லை. சூசை பரலோக மந்திரத்தைத் தொடங்கிப் பாதியில் மறந்துவிட்டார். நான் முடித்தேன். சுலைமான் தூரத்தில் தலையில் கைக்குட்டை கட்டி நின்றிருந்தார்.

மதலேனுக்கு அம்மை வரவில்லை. காத்திருக்கும் காலம் முடிந்ததும் அவளை லாஞ்சில் ஏற்றிப் பினாங்கில் விட்டார்கள். அப்புறம்தான் தெரிந்தது: தீவில் வேலை செய்கிறவர்களும் அங்கே தடுத்து வைக்கப்பட்டவர்களும் தவிர வேறு யாரும் அங்கே கால் வைக்க முடியாது. பிள்ளையின் குழியைப் பார்க்க மதலேனுக்கு அனுமதி கேட்டு மனு எழுதினேன். நோய்த் தடுப்பு இடத்தில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை என்று பதில் வந்தது. விதி நியாயமானதுதான். கேட்டவர்கள் பெரிய மனிதர்களாக இருந்திருந்தால் அது வளைந்திருக்குமா என்று சூசை என்னைக் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அவர் எதையும் கேட்பதை விட்டிருந்தார்.

பினாங்கு ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அறை எடுத்துக்கொண்டார்கள். அவள் மசாலா அரைத்துக் கொடுத்தாள். அவருக்குத் தோட்டத்தில் இதைவிட நல்ல வேலை கிடைத்தது, போகவில்லை. பிள்ளை கிடந்த சரிவில் புல் செதுக்க ஓர் ஆள் வேண்டுமே. கல்லறைத் திருநாளில் எல்லாரும் தங்கள் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து மெழுகுவர்த்தி ஏற்றும்போது, மதலேன் கேட்பாரற்றுக் கிடந்த ஏதோ ஒரு கல்லறையைத் துடைத்துக்கொண்டிருப்பாள். அது யாருடையது என்று அவளுக்குத் தெரியாது.

முப்பதாம் வருஷம் ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்கள் ஆட்களைக் கழித்தன. கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பினார்கள். அப்போதுதான் சூசைக்கு மறுபடி வாய் வந்தது. ஜெட்டியில், பாயும் பானையுமாகக் குந்தியிருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வரும்போது கட்டின துணியைக்கூட வேகவெச்சு எடுத்தாங்க. இப்பப் போறவன் இருமுறான், எவனும் தொட்டுப் பாக்கல. வர்ற கூலிகிட்டதான் கிருமி இருக்கும் போல. போற கூலிகிட்ட ஒண்ணும் இருக்காது."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

தீவில் கால் வைக்க வழியைக் கண்டுபிடித்தது மதலேன்தான். வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் அறைக்குப் போயிருந்தேன். அம்மிக்கு முன்னால் இருந்தவள் நிமிராமல் சொன்னாள்:

"நான் ஊருக்குப் போய்ட்டு வரேன்."

"ஊர்ல யார் இருக்கா உனக்கு? உங்க அண்ணனும் போய்ச் சேர்ந்துட்டான்" என்றார் சூசை.

"போறதுக்குப் போகல. டெக்குல திரும்பி வர்றதுக்குப் போறேன். டெக்குல வந்தா தீவுல இறக்கித்தானே ஆகணும்."

 சூசை எழுந்து கூரை இடுக்கிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார். முகாமின் முரட்டுத் துணியில் கிழித்த ஓரம், அன்று அவள் வேலி வழியே நீட்டிய டிக்கெட் மிச்சம். அத்தனை வருஷமும் அதை அவர் அவிழ்க்கவே இல்லை.

முப்பத்தைந்தாம் வருஷம் புரட்டாசியில் அவள் கப்பலேறிப் போனாள். கல்லறைத் திருநாளுக்கு முன்பாகவே திரும்பிவிட்டாள். மற்றவர்களோடு வரிசையில் நின்று மருந்துத் தண்ணீரில் குளித்தாள். துணி மூட்டையைச் சூசையிடம் நீட்டினாள். அவர் தகர வில்லை கட்டி வாங்கிக்கொண்டார். சுலைமான், "வாங்க தங்கச்சி, உங்க வீட்டு இட்டிலி இன்னிக்கு எப்படி?" என்று கேட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதினார். தடுத்து வைக்கப்பட்ட நாட்கள் முழுவதும் அவள் சரிவிலேயே உட்கார்ந்திருந்தாள். திருநாளன்று இருவரும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். கடற்காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. அவர்கள் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். காலம் முடிந்து அவள் லாஞ்சில் ஏறியபோது, இன்னும் இரண்டு நாள் வைத்திருக்க முடியாதா என்று சூசை டிரெஸ்ஸரிடம் கேட்டார்.

போன வருஷம் இந்தியா கூலிகளை அனுப்புவதை நிறுத்திவிட்டது. நல்ல காரியம் என்றுதான் நானும் நினைக்கிறேன். கொட்டகைகள் பாதி காலி. சூசைக்கும் நெஞ்சு வலி கண்டது. பினாங்கு ஆஸ்பத்திரியில் இறந்தார். தீவில் புதைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் நடக்காது என்று மதலேனுக்குத் தெரியும்.

நேற்று எல்லாரும் போன பிறகு அவள் ஈரமண்ணின் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் குடையை அவள் தலைக்கு மேல் நகர்த்தினேன்.

"கிராணித் தம்பி," என்றாள், "டெக்கு டிக்கெட்டு இப்ப என்ன வெலை?"

சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு, சேலை முந்தானையின் முனையை விரல்களால் தடவிப் பார்த்தாள். அதில் காசு முடிச்சு எதுவும் இல்லை.