குந்தாவில் இருந்த அப்பா

என் அப்பாவைக் குந்தா பவர் ஹவுஸுக்கு மாற்றல் செய்தவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. உண்மையில் அவர் திருப்பூரில் இருந்தார். கோர்ட்டில் விவாகரத்து ஆகி, அம்மாவும் நானும் இரண்டு சூட்கேஸோடு மலையேறி வந்திருந்தோம். கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலை பாக்டரி ஆபீஸில் அம்மாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. வீடுதான் கிடைக்கவில்லை.

மூன்று வீடு பார்த்தோம். மூன்றிலும் முதல் கேள்வி, “உங்க ஊட்டுக்காரர் எங்க வேலை பண்றாருங்க?” அம்மாவுக்குப் பொய் வராது. பிரிந்துவிட்டோம் என்பாள். உடனே அந்த வீட்டுக்கு நேற்றுதான் யாரோ ஒருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். எல்லா வீட்டுக்கும் எங்களுக்கு ஒரு நாள் முன்னால் போய் நிற்கிற அந்த ஆளின் மேல் எனக்குப் பயங்கரக் கோபம்.

நாலாவது வீட்டின் சொந்தக்காரர்கள் மாடியில் இருந்தார்கள். கீழ் வீடு வாடகைக்கு. குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க அம்மா உள்ளே போன நேரத்தில் மாடி வீட்டம்மா என் கன்னத்தைத் தடவி, “அப்பா எங்க கண்ணு?” என்றார். இந்த முறை அந்த ஆளை முந்திவிடுவது என்று முடிவு செய்தேன்.

“குந்தாவுல. பவர் ஹவுஸ்ல பெரிய வேலைங்க. லீவே தரமாட்டாங்க.”

எப்போதோ ஒரு தடவை பஸ் கண்ணாடிக்கு வெளியே அந்தப் பவர் ஹவுஸின் பெரிய பெரிய குழாய்களைப் பார்த்திருந்தேன், அவ்வளவுதான். வீடு கிடைத்துவிட்டது. திரும்பி வரும்போது அம்மா என் தோளை இறுக்கிக்கொண்டு, “பாத்தியா பாப்பா, எத்தன நல்ல மனுசங்க. ஒரு வார்த்தை கேக்கல நம்மள” என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. எந்த வாயால் நான் நிஜத்தைச் சொல்வேன்?

அம்மா ஏழரை பஸ்ஸுக்குப் போனால் இருட்டும்போதுதான் வருவாள். ஆகவே அவளும் மாடி வீட்டம்மாவும் பேசிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது வார நாட்களில் சுலபம். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் எனக்கு அடிக்கடி வயிற்று வலி வந்தது.

பிறகு மழை பிடித்தது. ஒரு நாள் ரோட்டில் மரம் விழுந்து, கரண்ட் போயே போய்விட்டது. மறுநாள் மாடி வீட்டம்மா படியில் நின்று கூப்பிட்டார்.

“ஏங்கண்ணு, உங்கப்பாவுக்கு ஒரு போனப் போட்டுக் கேளு, கரண்ட்டு எப்ப வருமாமா?”

என்னிடம் அம்மாவின் பழைய பட்டன் போன் ஒன்று விளையாட்டுச் சாமானாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், தேயிலைச் செடிகளைப் பார்த்தபடி அப்பாவோடு கொஞ்ச நேரம் பேசினேன். சாப்பிட்டாரா என்றுகூடக் கேட்டேன். திரும்பி வந்து, “அஞ்சு மணிக்கு வருமாமுங்க” என்றேன்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டது!

அதற்குப் பிறகு என்னைக் கேட்காமல் அந்தத் தெருவில் யாரும் மிக்சி போடவில்லை. சும்மா சொல்லக்கூடாது, நானும் பாதிக்கு மேல் சரியாகச் சொன்னேன். தப்பாகப் போனால் அப்பா வேறு லைனில் வேலையாக இருந்தார் என்பேன். மாடி வீட்டம்மா வர்க்கியும் டீயும் கொடுத்து உபசரித்தார். திமிர் தலைக்கேறிவிட்டது எனக்கு.

மாடி வீட்டில் மகளுக்கு வளைகாப்பு வைத்தார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமையே கரண்ட் போய்விட்டது. மாடி வீட்டய்யா ஜெனரேட்டருக்குச் சொல்லி வைத்திருந்தார். சனிக்கிழமை, எதற்கும் இருக்கட்டும் என்று என்னிடமும் கேட்டார். “நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு டாண்ணு வந்துருமுங்க” என்றேன். அவர் ஜெனரேட்டரை வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை ஆறாயிற்று. ஏழாயிற்று. மாடித் தொட்டியில் தண்ணீர் தீர்ந்துபோனது. வடைக்கு உளுந்து ஒரு அண்டா நிறைய ஊறிக்கொண்டிருந்தது. பத்து மணிக்குக் கோயமுத்தூரிலிருந்து ஜனம் வந்து இறங்கும். மாடி வீட்டய்யா கீழே வந்தார். “போனக் குடு சாமி, நானே உங்கப்பங்கிட்டப் பேசறேன்.”

என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். “இதுல சிம்மே இல்லியே!”

சத்தம் கேட்டு அம்மா வாசலுக்கு வந்தாள். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாடி வீட்டம்மாவும் படியிறங்கி வந்துவிட்டார். அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. இந்த முறை வயிற்று வலி என்று சொல்லி அவளை உள்ளே கூப்பிட முடியாது.

“இவங்கப்பா குந்தாவுல இல்லீங்க” என்றாள் அம்மா. “எங்களுக்கு விவாகரத்து ஆயிருச்சுங்க. பாப்பா சொன்னது பொய்யி. ஊட்டக் காலி பண்ணச் சொன்னாலும் பண்ணிர்றோம். ஆனா அந்தப் பேச்ச அப்பறம் வெச்சுக்கலாமுங்க. பாக்டரில ஜெனரேட்டர் ஓடுது, கேண்டீன்ல பெரிய கிரைண்டர் இருக்குது. உளுந்தக் குடுங்க.”

பதில் வருவதற்குள் தெருமுனைக்குப் போய் ஆட்டோ பிடித்துவிட்டாள். ஒரு பக்கம் அண்டா, மடியில் தேங்காய்ச் சில்லு, நடுவில் நான். ஒன்பதரைக்கு மாவும் சட்னியுமாகத் திரும்பினோம். அதன்பிறகு பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து மாடியேற்றினாள். கரண்ட், கடைசிப் பந்தியும் எழுந்து கை கழுவிய பிறகு சாவகாசமாக வந்தது.

சாயங்காலம் மாடி வீட்டம்மா ஒரு தூக்கில் சாப்பாடு போட்டு எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“ஏனம்மிணி, நெசத்தச் சொல்றேன். இப்படீன்னு மொதல்லயே தெரிஞ்சிருந்தா நாங்க ஊடு குடுத்திருக்க மாட்டோம்.”

“தெரியுமுங்கக்கா.”

“நல்ல வேளை, தெரியாமப் போச்சு.” தூக்கை அம்மாவின் கையில் வைத்தார். “ஆறிப்போறதுக்குள்ள சாப்புடுங்க. பாத்திரம் மெதுவா வந்தாப் போதும்.”

அவர் படியேறிப் போனதும் அம்மா என் காதைப் பிடித்து ஒரு திருகு திருகினாள். பிறகு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் தேம்பித் தேம்பி அழுவது கேட்டது.

திருப்பூரில் அம்மா அப்படி அழுத ஒவ்வொரு தடவையும் மறுநாள் நாங்கள் துணிமணியைக் கட்டிக்கொண்டு எங்காவது கிளம்பியிருக்கிறோம். அழுகையில் வேறு வகையும் உண்டென்று எனக்கு அப்போது தெரியாது. அவளுக்குச் சிரமம் வேண்டாமென்று கட்டிலுக்கடியிலிருந்து சூட்கேஸை இழுத்து, சத்தமில்லாமல் யூனிபார்மை மடித்து அதில் வைக்க ஆரம்பித்தேன்.