அரை மீசைக் கடன்

தன் ரிப்பேர் கடையில் எதைப் பழுது பார்த்தாலும் மூடியை மாட்டியதும் அத்தை அதைக் காதோரம் தூக்கிக் குலுக்கிப் பார்ப்பாள். உள்ளே எதுவும் ஆடவில்லை என்று காது சொன்னால்தான் பிளக்கைச் செருகுவாள். மிக்ஸியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்துகிறாள் என்று தெருவே கேலி பேசும். அவளுக்கு வைத்த பெயர் விஞ்ஞானி.

ஒரே ஒரு நாள் குலுக்க மறந்தாள். சலூன்காரர் அவசரப்படுத்தியதால் அவருடைய டேபிள் ஃபேனை அப்படியே கொடுத்துவிட்டாள். சலூனில் அது சுற்றிய வேகத்தில் முன்கூண்டு கழன்று தடாலென்று விழுந்தது. சலூன்காரரின் கை பதறியதில், நாற்காலியில் இருந்தவரின் மீசையில் பாதி போயே போய்விட்டது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் தெரு சிரித்த சிரிப்பில் அத்தை ஷட்டரை இறக்கியவள்தான், ஏற்றவே இல்லை.

"என் கை போச்சுடி. இனிமே கடை வேணாம்."

அத்தை இதைச் சொன்னது தன் அண்ணன் மகளிடம். அந்தக் கடை மேஜையில், ஸ்பேனர்களை ஒதுக்கிவிட்டுப் படித்துத்தான் அவள் வீட்டின் முதல் பட்டதாரி ஆனாள். இன்னும் வேலை கிடைக்கவில்லை. நூலகத்திலிருந்து அவள் எடுத்து வந்திருந்ததும் தேர்வுப் புத்தகம் இல்லை. கோமாளி வில்லன்களும் கிறுக்கு விஞ்ஞானிகளும் வரும் சிறுகதைத் தொகுப்பு.

"என்னடி, நீயா சிரிச்சுக்கற?" அவள் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அத்தை கேட்டாள்.

"ஒரு விஞ்ஞானி அத்தை. நிலாவக் கீழ இழுக்க மெஷின் செய்றான். பட்டன அமுக்கினா அவன் வீட்டுக் கூரை பிச்சுக்கிட்டுப் போகுது."

"நட்ட சரியா முடுக்கியிருக்க மாட்டான்." சொல்லிவிட்டு அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அப்புறம்?"

"மறுநாளே கடல உறிஞ்ச இன்னொரு மெஷின் ஆரம்பிக்கிறான்."

"வெக்கமே இல்லாம?"

"வெக்கப்பட்டா வில்லனா இருக்க முடியுமா?"

அத்தை சிரிக்கவில்லை. "அடுத்தத படி" என்றாள். சாயங்காலத்துக்குள் ஒருவன் மேகத்தைத் திருடித் தொப்பலாக நனைந்தான். ஒருத்தி செய்த இயந்திரப் படை அவளையே குளியலறையில் வைத்துப் பூட்டியது. ஒருவர்கூடக் கடையைக் கட்டவில்லை.

மறுநாள் காலையில் ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டு அவள் ஓடினாள்.

"உலகத்த அழிக்கக் கிளம்பினவனே மறுநாள் ஸ்பேனர எடுக்கறான்" என்றாள் அத்தை. "நான் அழிச்சது அரை மீசை."

சற்று நேரத்தில் சலூன்காரர் அதே ஃபேனோடு வந்து நின்றார். "என்ன விஞ்ஞானி, இந்தத் தடவ தாடியா?"

"உன் தலைமுடி. பேசாம உக்காரு."

கூண்டை முடுக்கி, ஃபேனைக் காதோரம் வைத்து வெகுநேரம் குலுக்கினாள். பிறகு அண்ணன் மகளின் காதருகே நீட்டினாள். "நீயும் கேளு." எதுவும் ஆடவில்லை.

மீசையை இழந்தவரிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அத்தை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவரோ மிச்சப் பாதியையும் மழித்துவிட்டு வேறு சலூனுக்குப் போய்விட்டாராம். கடைக்குப் புதிதாக யார் வந்தாலும் அத்தையின் பார்வை முதலில் மேலுதட்டுக்குத்தான் போகிறது. அந்தக் கடன் மட்டும் அப்படியே நிற்கிறது.