நடுவில் நிற்கச் சொன்ன இத்தாலியர்

அந்த மனிதர் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் புனேயை ஒட்டிய கட்கியில் எங்கள் தமிழ்க் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக வந்த இத்தாலியர் அவர். தன் நாட்டில் நடுவரிசையில் ஆடியவர். வந்ததும் வராததுமாக, முன்வரிசையில் கோல் அடித்துக்கொண்டிருந்த என்னை நடுவரிசைக்கு இழுத்தார்.

"நீ நடுவை விட்டா வீடே திறந்து கிடக்கும்" என்பார், உடைந்த ஹிந்தியில்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோல் அடித்தவனைத்தான் கட்கி பஜார் வரை தோளில் தூக்கிப் போவார்கள். பந்தைத் தடுத்தவனை யார் திரும்பிப் பார்த்தார்கள்?

இறுதி ஆட்டத்தில் வேண்டுமென்றே நடுவை விட்டு ஓடிப்போய் ஒரு கோல் அடித்தேன். கூட்டம் கத்தியது. அந்த மயக்கத்தில் திரும்பத் திரும்ப ஓடினேன். நான் விட்ட இடத்தின் வழியாக எதிரணி இரண்டு கோல் போட்டது. தோற்றோம்.

மறுநாள் அணிக் கூட்டத்தில் செயலாளர் கேட்டார்: "அந்த ஆளு போட்ட திட்டம்தான நம்மளக் கவுத்துச்சு? நீ சொல்லுப்பா."

"ஆமாண்ணே" என்றேன்.

இனி வர வேண்டாம் என்று அவரிடம் ஹிந்தியில் சொன்னார்கள். அவர் விசிலைக் கழற்றி மேசையில் வைத்தார். வாசலில் என் தோளைத் தட்டி, "உன் கோல் பஹுத் அச்சா" என்றார்.

நான் ஓடியதையெல்லாம் கோட்டோரம் நின்று பார்த்தவர். எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். கன்னத்தில் ஓர் அறையாவது விட்டிருக்கலாம். பாராட்டிவிட்டுப் போனாரே, பாவி மனுஷன்!